அரங்கம் நிரப்புகிறவர்கள்

பி.பி.ஏ. படித்த மூன்று வருடங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை கைதட்டுவதுதான். எந்த இடத்தில் தட்ட வேண்டும், எவ்வளவு நேரம் தட்ட வேண்டும், பேச்சாளர் தண்ணீர் குடிக்க நிறுத்தியதைப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துத் தட்டிவிட்டால் எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அத்துப்படி. பட்டச் சான்றிதழில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

எங்கள் கல்லூரி ராஜாஜிநகர் பக்கம். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு ஸ்டாப். இரண்டாம் மாடியில் முந்நூறு நாற்காலி போட்ட ஆடிட்டோரியம் ஒன்று இருந்தது. அதைக் கட்டியவர்கள் அதில் உட்கார ஆள் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினராவது வந்துவிடுவார். அவருக்கு முன்னால் காலி நாற்காலிகளைக் காட்ட முடியாது. பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு லேப், நடுவில் எழுப்பினால் ஏதாவது கொதித்து வழியும். பி.காம். பிள்ளைகளில் பாதிப் பேர் சி.ஏ.வுக்கும் படிக்கிறவர்கள்; அவர்களைத் தொட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். மிஞ்சியது பி.பி.ஏ. போதாக்குறைக்கு எங்கள் வகுப்பும் அதே மாடியில் இருந்தது. அட்டெண்டர் கதவைத் தட்டி "ஆடிட்டோரியம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். மார்க்கெட்டிங்கோ ஃபைனான்ஸோ, நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

அப்படி நான் கேட்ட உரைகளுக்குக் கணக்கில்லை. தேனீ வளர்ப்பு கேட்டேன். பல் ஈறுகளின் ஆரோக்கியம் கேட்டேன். மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஒருவர் ஒன்றரை மணி நேரம் கத்தினார். நிகழ்ச்சிக்கு முன்னால் எங்கள் துறைத்தலைவரான எச்.ஓ.டி. ஐந்து துண்டுச் சீட்டுகளில் ஐந்து கேள்விகள் எழுதி ஐந்து பேரிடம் கொடுப்பார். கடைசியில் எழுந்து அதைக் கேட்க வேண்டும். எனக்கு எப்போதும் ஐந்தாவது சீட்டு. 'இன்றைய இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது என்ன?' இதைத் தேனீக்காரரிடம் கேட்டேன், பல் டாக்டரிடம் கேட்டேன், ராக்கெட் செய்கிறவரிடம்கூடக் கேட்டேன். எல்லோரும் ஃபோனைக் குறைக்கச் சொன்னார்கள். தேனீக்காரர் மட்டும் ஃபோனைக் குறைத்துத் தேனைக் கூட்டச் சொன்னார்.

இதுவரை எல்லாம் தமாஷ்தான். வினை வந்தது வருகைப் பதிவில்.

வகுப்பு நேரத்தில் ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்திருந்தால் வகுப்பில் ஆப்சென்ட். அதை பிரசென்ட் ஆக்க ஓ.டி. ஃபார்ம் என்று ஒன்று உண்டு. கல்லூரி வேலையாகத்தான் வெளியே இருந்தேன் என்பதற்கான பச்சைத்தாள். அதில் நாலு கையெழுத்து வேண்டும்: நிகழ்ச்சி நடத்தியவர், வகுப்பாசிரியர், எச்.ஓ.டி., ஆபீஸ் கிளார்க். இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்தியவர் அடுத்த நிகழ்ச்சிக்குப் பூச்செண்டு வாங்கப் போயிருப்பார். எச்.ஓ.டி. மீட்டிங்கில் இருப்பார். கிளார்க் சாப்பிடப் போயிருப்பார். ஒரு மணி நேர ஓ.டி.க்காக இரண்டு மணி நேரம் வராந்தாவில் அலைவேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வகுப்பில் ஆப்சென்ட் விழும். அதற்கு ஓ.டி. கிடையாது. நாளடைவில், புத்தியுள்ளவர்கள் ஃபார்மைக் கைவிட்டு வகுப்புக்குப் போனார்கள். நான் நியாயம் கேட்கிற ஜாதி. ஃபார்மோடு நின்றேன்.

நான்காவது செமஸ்டர் முடிகிற நேரத்தில் கல்லூரி ஆப்பில் பார்த்தால், கடைசி நாளையும் சேர்த்து மொத்தம் நானூறு மணி நேரத்தில் நான் இருந்தது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. எழுபத்து நாலரை சதவீதம். எழுபத்தைந்து இருந்தால்தான் ஹால் டிக்கெட். இரண்டே இரண்டு மணி நேரம் குறை. எச்.ஓ.டி.யிடம் போய், "ரவுண்ட் பண்ணா எழுபத்தஞ்சு வருமே சார்" என்றேன். முதல் செமஸ்டரில் எனக்குப் புள்ளியியல் நடத்தி, அரையை மேலே ஏற்றச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "அது சப்ஜெக்ட்டுக்கும்மா. இது அட்டெண்டன்ஸ்" என்றார்.

நோட்டீஸ் போட்டார்கள். கடைசி வேலை நாளன்று குறை உள்ளவர்கள் பெற்றோரை அழைத்து வர வேண்டும். இனி ஒழுங்காக வருவேன் என்ற உறுதிமொழித் தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஹால் டிக்கெட். மூன்று மணிக்கு லிஸ்ட் மூடிவிடும். அதற்குள் முடியாதவர்கள் அடுத்த வருடம் அதே செமஸ்டரை மறுபடி படிக்கலாம். 'மாமா, தாத்தா, பக்கத்து வீட்டு அங்கிள் ஏற்கப்பட மாட்டார்கள்' என்று தனி வரி போட்டிருந்தது. கடைசி நாள் வகுப்புகளுக்குப் போயிருந்தால் எனக்கு வேண்டிய இரண்டு மணி நேரம் அங்கேயே கிடைத்திருக்கும். ஆனால் அதே நேரத்தில்தான் பெற்றோருடன் எச்.ஓ.டி. அறை வாசலில் நிற்க வேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது. இதை எழுதியவரும் எச்.ஓ.டி.தான்.

அப்பா லாரியோடு ஹூப்ளிப் பக்கம் போயிருந்தார். அம்மாதான் வர வேண்டும். சிக்கலே அதில்தான்.

அம்மா பீனியாவில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். லீவு என்ற வார்த்தை அவளுக்குப் பிடிக்காது. காய்ச்சலோடு போவாள், மழையில் போவாள். மாதம் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்களின் பெயரைத் தொழிற்சாலை வாசலில் ஒட்டுவார்கள். அதில் அவள் பெயர் இல்லாத மாதத்தை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளின் ஃபோனுக்குத் தினமும் கல்லூரியிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ் வரும். உங்கள் பிள்ளை இன்று மூன்றாவது மணி நேரம் வரவில்லை, நான்காவது மணி நேரம் வரவில்லை. அம்மா தமிழ் படிப்பாள், ஊர்ப் பழக்கத்தில் கன்னடம் பேசுவாள், இங்கிலீஷ் வராது. ராத்திரி சோறு போடும்போது ஃபோனை நீட்டி, "காலேஜ்லேர்ந்து இன்னா வந்துகீது பாரு" என்பாள். நான் பார்த்து, "நல்லா படிக்கிறேனாம்" என்பேன். முதல் தடவை பயத்தில் சொன்னேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சில நாள் இரண்டு மெசேஜ் வரும். அன்றைக்கு இன்னும் நன்றாகப் படித்திருப்பேன்.

அதனால், கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாத்துக்கு? பிரைஸா?"

"ஒரு கையெழுத்துதாம்மா. அரை மணி நேரம்."

"சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டு வரேன். பொண்ணுக்குன்னா ஒண்ணும் சொல்ல மாட்டான்."

கடைசி நாள் காலையில் அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டினாள். தலையில் கனகாம்பரம். வழியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் ஆட்டோ குறுக்கே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

எச்.ஓ.டி. அறை வாசலில் நாற்பது பெற்றோர் நின்றார்கள். காக்கிச் சட்டையோடு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தவர், பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு வந்த அம்மா, நைட் டியூட்டி முடித்து நேராக வந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்காரர். எல்லோர் கையிலும் பிள்ளையின் பெயரும் ரிஜிஸ்டர் நம்பரும் அச்சிட்ட உறுதிமொழித் தாள். பட்டுப்புடவையில் வந்தது அம்மா ஒருத்திதான். எல்லோரும் அவளை ஏதோ டிரஸ்டி வீட்டு அம்மா என்று நினைத்து வழிவிட்டார்கள்.

எங்கள் முறை வந்தது. எச்.ஓ.டி. கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்.

"நிம்ம மகளு கிளாஸல்லி இல்லவே இல்ல, அம்மா."

அம்மா சிரித்த முகம் மாறாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தப்பான ஆளைச் சொல்கிறார் என்று நினைத்தாள் போல. நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிப்பு மெல்ல இறங்கியது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஆனால் அம்மா என்னை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள். கிளாஸில் இல்லையென்றால் எங்கே இருந்தாள் என்று கன்னடத்திலேயே கேட்டாள்.

"ஆடிட்டோரியத்தில்."

"யார் அனுப்பியது?"

"நாங்கள்தான்."

"அப்போது எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஃபோட்டோகூட இருக்கிறது."

"பிறகு எப்படி சார் ஆப்சென்ட்?"

எச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சைத்தாள், நாலு கையெழுத்து, இரண்டு நாள் என்று விளக்கினார். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க ஃபேக்டரியிலே ஆளை ஒரு லைன்லேர்ந்து இன்னொரு லைனுக்கு மாத்துனா, மாத்துனவன்தான் சார் எழுதி வெப்பான்" என்றாள். கோபத்தில் கன்னடம் தமிழாகிவிட்டது. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அதற்குள் அட்டெண்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். தலைப்பு, நேர மேலாண்மை. பிரின்சிபால் அவரைக் காபி கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறார். ஆடிட்டோரியத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் யாரும் கடைசி நாளில் கல்லூரிக்கு வருவதில்லை.

எச்.ஓ.டி. எழுந்து வராந்தாவை எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நாற்பது பேர் பட்டார்கள்.

"எல்லாரும் உள்ளே. பேக, பேக!" என்று அவசரப்படுத்தி விரட்டினார்.

பெற்றோர் எதையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். செக்யூரிட்டிக்காரரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் நாங்களும் பின்னாலேயே நுழையப் பார்த்தோம். எச்.ஓ.டி. கதவில் கையை வைத்து மறித்தார்.

"நீங்க கூடாது. உள்ள வந்தா அப்புறம் ஓ.டி. கேப்பீங்க."

கதவு இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அம்மா இரண்டாவது வரிசை. ஃபேனுக்கு நேர் கீழே. மடியில் உறுதிமொழித் தாள்.

விருந்தினர் ஆட்களைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். திரையில் ஒரு பையன் கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் படம் போட்டிருந்தது. சமாளித்துக்கொண்டு கன்னடத்துக்கு மாறினார். காலையில் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நாற்பது கையும் எழுந்தது. ஆறு மணிக்கு முன்னால்? ஒரு கையும் இறங்கவில்லை. ஐந்து மணிக்கு முன்னால் என்றார், குரலில் கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. செக்யூரிட்டிக்காரர் கை மட்டும் இறங்கியது, அவர் தூங்கிவிட்டார். விருந்தினர் ஐந்தாறு படங்களைத் தாண்டினார். ஒரு நாளில் எவ்வளவு நேரத்தை வீணாக்குகிறீர்கள், நேர்மையாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். ஆட்டோக்காரர் எழுந்து, "இன்னிக்கா சார்?" என்று கேட்டு உட்கார்ந்தார்.

கேள்வி நேரம் வந்தது. எச்.ஓ.டி. பழக்கதோஷத்தில் சீட்டுகளை எழுதி எடுத்து வந்திருந்தார். பட்டுப்புடவையைப் பார்த்து ஐந்தாவது சீட்டை அம்மாவிடம் நீட்டினார். இங்கிலீஷில் எழுதியிருந்ததை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மைக் வந்துவிட்டது. எழுந்து, கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று கன்னடத்தில் கேட்டாள். அரங்கம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டினார்கள். விருந்தினரும் தட்டினார். நேர மேலாண்மையின் சாரமே இந்தக் கேள்விதான் என்று சொல்லி, அதற்கு விளக்கமாக இன்னும் இருபது நிமிடம் பேசினார்.

நடுவில் வருகைத்தாள் சுற்றி வந்தது. பெயர், ரிஜிஸ்டர் நம்பர், கையெழுத்து. காலையிலிருந்து எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவர்கள் எழுதியது பிள்ளையின் பெயரும் நம்பரும்தான். இதிலும் அதையே எழுதினார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத்தான் வராது. பார்த்து வரைய வரும். மடியிலிருந்த தாளைப் பார்த்து என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைவதைக் கதவு இடுக்கிலிருந்து பார்த்தேன். அவள் நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. கையெழுத்துக் கட்டத்தில் மட்டும் தன் பெயரைத் தமிழில் போட்டாள்.

பிரின்சிபாலே நடத்திய நிகழ்ச்சி என்பதால் தாளின் அடியில் அவரே கையெழுத்திட்டார். அதற்கு மேல் நாலு கையெழுத்தெல்லாம் தேவையில்லை. கிளார்க்குக்கு அது நாற்பது மாணவர்கள் வந்த இரண்டு மணி நேர நிகழ்ச்சி; மூன்று மணிக்கு லிஸ்ட் மூட வேண்டும். சாப்பாட்டை ஒத்திப்போட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்.

இரண்டரை மணிக்கு எச்.ஓ.டி. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டார். என் நம்பரை அடித்தார். மறுபடி அடித்தார். எழுபத்தைந்து, சரியாக எழுபத்தைந்து. குறை லிஸ்டில் என் பெயர் இல்லை.

"உங்களை யாரும்மா வரச் சொன்னது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நீங்கதான் சார்."

"லிஸ்ட்ல இல்லாதவங்களை நான் எதுக்கு வரச் சொல்றேன்? போங்க, போங்க. அடுத்தவங்க நிக்கிறாங்க."

எங்களுக்குப் பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேருக்கும் இதே கதை. ஆட்டோக்காரரின் மகனுக்கு மட்டும் எட்டு மணி நேரம் குறை. இரண்டு போய் ஆறு நின்றது. அவர் எச்.ஓ.டி.யிடம், சாயங்காலம் வேறு ஏதாவது மீட்டிங் இருக்கிறதா, நான் இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

ஆபீஸ் ஜன்னலில் ஹால் டிக்கெட். கிளார்க் நிகழ்ச்சியின் வருகைத்தாளை விரித்து என் வரியில் விரலை வைத்தார்.

"இது உன் கையெழுத்தா?"

என்ன சொல்ல முடியும்? இல்லை என்றால் இரண்டு மணி நேரமும் போகும், வருடமும் போகும். "ஆமா சார்" என்றேன். எனக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுப்பது கேட்டது.

"அப்ப இதே மாதிரி இங்கே போடு. மாறக் கூடாது. எக்ஸாம் ஹால்ல செக் பண்ணுவாங்க."

பேனாவை எடுத்தேன். என் அம்மாவின் பெயரை நான் எழுதியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பள்ளியில் எல்லாப் படிவத்திலும் அப்பா பெயர்தான் கேட்டிருந்தார்கள். மூன்றே எழுத்துதான், வரைகிற மாதிரி மெல்லப் போட்டேன். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கிளார்க்குக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள். "நடு எழுத்து வால இன்னும் கொஞ்சம் இழு. ஆங், அவ்ளோதான்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மெசேஜைப் பற்றி நானே சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு அன்றைய நாளே போயிருந்தது. இனி ஃபேக்டரிக்குப் போனாலும் கேட்டில் விட மாட்டார்கள். அந்த மாதம் வாசலில் ஒட்டுகிற தாளில் அவள் பெயர் இருக்காது. எனக்காக ஒரு இடத்தில் பிரசென்ட் ஆகி, தன் இடத்தில் ஆப்சென்ட் ஆகியிருந்தாள். பகல் முழுக்கக் கல்லூரியிலேயே நின்ற நான் எந்தக் கணக்கிலும் இல்லை.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பினாள்.

"பரிட்சையாச்சும் நீயே போய் எழுதுவியா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?"

அன்றைக்கு ராத்திரியிலிருந்து தேர்வு வரைக்கும் பாடத்தோடு சேர்த்து அந்த மூன்று எழுத்தையும் பழகினேன். ஒரு நோட்டு முழுக்க அம்மா பெயர். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

முதல் தேர்வு அன்று மேற்பார்வையாளர் மேஜை மேஜையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நான் அம்மா பெயரைப் போட்டேன். அவர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போகிறது என்று டிக் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.